இரண்டாவது ஞாயிறும் மடக்கி வைத்த நாற்காலியும்

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். எழுதினால் தெரிந்த பெரியவர்கள் நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனிமேல் முடியாது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் ராணுவத்தினர் குடும்பமாக இருந்தால் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நாங்கள் இருப்பது செகந்திராபாத்தில், அல்வால் பக்கம். இந்த ஊரில் தமிழ் பேசும் குடும்பங்களை விசாரித்தால் ரயில்வே, வங்கி, ராணுவம் என்று மூன்றில் ஒரு பதில்தான் பெரும்பாலும் வரும். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டித் தங்கியவர்கள் ஏராளம். காரணமும் சுலபம். பக்கத்திலேயே மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேன்டீன், பிள்ளைகள் பாதி வரை படித்த பள்ளிக்கூடம். வேலூர்ப் பக்கத்து ஊருக்குத் திரும்பிப் போனால் அங்கே தம்பி மகனுக்கே இவரை அடையாளம் தெரியாது. இங்கே தெருவுக்கு இரண்டு பேர் 'சாப்' என்று கூப்பிட இருக்கிறார்கள்.

என் மாமனாரும் அப்படித் தங்கியவர்தான். இ.எம்.இ.யில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருக்குப் பொங்கல், தீபாவளியைவிட முக்கியமான நாள் ஒன்று உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. எங்கள் ஏரியா முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் மாதக் கூட்டம்.

கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பதுக்கு எல்லோரும் நாற்காலியில் இருப்பார்கள். (நம் ஆட்கள் நேரத்துக்கு வருகிற ஒரே கூட்டம் இதுதான்.) முதலில் அந்த மாதம் காலமான உறுப்பினர்களுக்கு இரண்டு நிமிட மௌனம். அப்புறம் போன கூட்டத்தின் குறிப்பு, வரவு செலவு. பிறகு செயலாளர் புதிய சுற்றறிக்கைகளைப் படிப்பார். எண்பது வயது நிறைந்தவர் யாராவது இருந்தால் பொன்னாடை. கடைசியில் தேசிய கீதம். அப்புறம்தான் நிஜமான கூட்டமே ஆரம்பிக்கும்: இரானி டீ, உஸ்மானியா பிஸ்கட், சமோசா, ஒரு மணி நேர அரட்டை. தமிழ், தெலுங்கு, மலையாளம், பஞ்சாபி எல்லாம் கலந்து, எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாத ராணுவ ஹிந்தியில்.

இதைத் தவிர வருடத்தில் சில விசேஷங்கள். 1971 போர் வெற்றியின் நினைவாக டிசம்பர் 16. கார்கில் நினைவாக ஜூலை 26. ஜெனரல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற ஜனவரி 14, முன்னாள் படைவீரர் தினம். இதில் டிசம்பர் 16-ஐ ஒட்டி எங்கள் சங்கத்தில் குடும்பத்தோடு 'படாகானா', அதாவது பெரிய விருந்து. குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம், பெண்களுக்குத் தம்போலா. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாம்பாருக்குப் பருப்பு வேகிற குக்கர், என் மாமியார் அந்தத் தம்போலாவில் 'ஃபுல் ஹவுஸ்' அடித்து வாங்கியது.

மாமா 2023-ல் போய்ச் சேர்ந்தார். அறுபத்தொன்பது வயது. சங்கத்திலிருந்து முப்பது பேர் வந்தார்கள். மலர் வளையம் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அடுத்த இரண்டாவது ஞாயிறு இரண்டு நிமிட மௌனம். எல்லாம் முறையாக நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதோடு முடிந்துவிட்டது என்பதுதான் குறை.

*

போன டிசம்பரில் படாகானா அன்று காலை. எங்கள் பால்கனியில் நின்றால் சங்கத்து மினி பஸ் நிற்கிற இடம் தெரியும். பட்டுப்புடவையும் பூவுமாக நாலைந்து குடும்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன. அத்தை துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்குதானா மாப்பிள்ளை? ஞாயித்துக்கிழமைன்னு நெனச்சேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரு படாகானாவையும் தவறவிடாதவர். மாமா போன வருடம் துக்கம், கூப்பிடவில்லை, சரி. அடுத்த வருடம் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இது மூன்றாவது டிசம்பர்.

செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம். தங்கமான மனிதர், ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாலும் கார் எடுத்துக்கொண்டு வருகிறவர். என்னை 'பேங்க் சாப்' என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து சங்க விதிகளை எடுத்துக் காட்டினார். முப்படைகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவரே உறுப்பினர். குடும்ப விழாக்களில் உறுப்பினருடன் அவர் மனைவி, பிள்ளைகள் கலந்துகொள்ளலாம்.

"உறுப்பினருடன். புரியுதா பேங்க் சாப்? ஹவில்தார் சாப் இல்லையே. எந்தக் கணக்கில் கூப்பிடுவேன்?"

உறுப்பினர் பதிவேட்டையும் காட்டினார். மாமாவின் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. தேதி போட்டு, பக்கத்தில் 'காலமானார்'. அதே மாதிரி சிவப்புக் கோடுகளை எண்ணிப் பார்த்தேன். பதினொரு வருடப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு. அந்த நாற்பத்திரண்டு பேரில் எத்தனை பேருடைய மனைவி இப்போது உயிரோடு இருக்கிறார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

*

"இதென்னய்யா பெரிய விஷயம், ஒரு விருந்துக்குக் கூப்பிடாததற்கு ஒரு பதிவா" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நானும் இந்தச் சங்கங்களை ரம்மும் பழங்கதையும் என்று கிண்டல் செய்தவன்தான். மாமாவை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று காதில் விழுந்தது.

ஒரே பதவி, ஒரே பென்ஷன் திட்டத்துக்கான உத்தரவு 2015 நவம்பரில் வந்தது. 2014 ஜூலை 1 முதல் அமல். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம் என்பதால் 2019, 2024 என்று மறுபடி மறுபடி அட்டவணைகள். எந்தப் பதவிக்கு, எத்தனை வருட சர்வீஸுக்கு எவ்வளவு என்று நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள அந்த அட்டவணையில் தன் வரி எது என்று கண்டுபிடிப்பது பி.காம். படித்த எனக்கே சிரமம். அதை அந்த டீ மேஜையில், எட்டாவது வரை படித்த ஒரு நாயக், பென்சிலால் கோடு போட்டு இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

2003-ல் ஆரம்பித்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் அட்டை எப்படி வாங்குவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும், எல்லாம் அங்கேதான். 2021-க்குப் பிறகு எங்களைப் போன்ற வங்கிகள் கணக்குப் போட்டுக் கொடுத்து வந்த ராணுவ பென்ஷன் படிப்படியாக 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறைக்கு மாறியது. பாஸ்வேர்டு, ஓ.டி.பி. என்று பெரியவர்கள் தடுமாறிய அந்த இரண்டு வருடம், அந்த டீ மேஜை இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு உயிர்ச்சான்று கொடுக்கவே தெரிந்திருக்காது.

ஆக, அந்தக் கூட்டம் பொழுதுபோக்கு இல்லை. சேவைத் தொகை இல்லாமல் இயங்குகிற ஒரு தகவல் நிலையம். அதன் கதவு யாருக்கு மூடியிருக்கிறது என்று பாருங்கள். கூட்டத்தில் இருக்கிற எல்லோரையும்விட அந்தத் தகவல் அதிகம் தேவைப்படுகிற ஆளுக்கு.

*

2025-ல் என் கவுண்ட்டரில் நடந்தது இது. ஒரு பாட்டி பாஸ்புக் பதிய வந்தார். என் பெயர்ப் பலகையைப் பார்த்து, "தம்பி தமிழா?" என்றார். கணவர் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து இருபது வருடம் ஆகிறது. குடும்ப பென்ஷன் மட்டும்தான் வரும்படி. பேச்சுவாக்கில் வயதைக் கேட்டேன். எண்பத்து மூன்று.

பாஸ்புக்கைத் திரும்பப் பார்த்தேன். வருகிற தொகை இடித்தது. பென்ஷன் விவரத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். கூடுதல் பென்ஷன் என்ற இடத்தில் பூஜ்யம். காரணத்தைத் தேடினால், அவருடைய பென்ஷன் ஆணையில் பிறந்த தேதியே இல்லை. பழைய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. சிலவற்றில் பெயரே தப்பாக இருக்கும்.

விதி என்ன? பென்ஷன்காரருக்கு எண்பது வயது ஆனால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கும் இதே கணக்குதான். ஆனால் அவருக்கு எண்பது ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பிறந்த தேதி பதிவில் இருந்தால்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்ச குடும்ப பென்ஷனான 9,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் மாதம் 1,800. மூன்று வருடத்துக்கு 64,800. அதன் மேல் அகவிலை நிவாரணத்தையும் சேர்த்தால் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். பெரிய கம்பெனிக்கு இது சில்லறை. ஒற்றை ஆளாக வாழ்கிற பாட்டிக்கு?

வயதுச் சான்று வாங்கி, விண்ணப்பம் எழுதி, இரண்டு முறை திரும்பி வந்து, ஐந்து மாதம் கழித்து நிலுவை வந்தது. பாட்டி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "இது அப்பவே வந்திருந்தா முன் ரூமை வாடகைக்கு விட்டிருக்க மாட்டேன் தம்பி" என்றார். மூன்று வருடமாகச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் படுத்திருக்கிறார்.

இதில் எனக்கு வயிறு எரிந்த இடம் எது தெரியுமா? பாட்டி இருப்பது சங்கக் கட்டிடத்துக்கு நாலு தெரு தள்ளி. மூன்றாவது வீட்டில் ஒரு சங்க உறுப்பினர். அந்தச் சங்கத்தில் எண்பது வயதானவருக்குப் பொன்னாடை போர்த்தும்போதெல்லாம், "இனிமேல் சாப்புக்கு இருபது பர்சென்ட் எக்ஸ்ட்ரா!" என்று யாராவது சத்தம் போடுவார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள். நானே வாசலில் இருந்து கேட்டிருக்கிறேன். பாட்டி ஒரே ஒருமுறை அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் போதும். "எனக்கும் உண்டா?" என்று கேட்டிருப்பார்.

யாரும் மறைக்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. அவருக்கு ஒரு நாற்காலி போடவில்லை, அவ்வளவுதான்.

*

இதைப் பற்றி நான் பேசியபோது வந்த பதில்களையும் என் பதில்களையும் வரிசையாக வைக்கிறேன்.

"சர்வீஸ் செய்தது அவர்தானே, அந்த அம்மா இல்லையே."

அப்படியா? அவர் எல்லையில் இருந்தபோது ஊரில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டது யார்? மூன்று வருடத்துக்கு ஒருமுறை டிரங்குப் பெட்டியைக் கட்டி, பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் புது மொழியைப் படிக்கவைத்தது யார்? குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடத்துக்கு அவர் போனபோது, இன்லேண்ட் லெட்டருக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? சரி, உணர்ச்சி வேண்டாம், சட்டத்துக்கே வருவோம். அரசாங்கம் அந்த அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் கொடுக்கிறது. கேன்டீன் அட்டை கொடுக்கிறது. இ.சி.எச்.எஸ். அட்டை கொடுக்கிறது. மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்துகொள்கிறது. பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தாரும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கான வறுமை உதவித்தொகை 2025 நவம்பர் 1 முதல் மாதம் 4,000-லிருந்து 8,000 ரூபாய் ஆனபோது, அதை அவர்களின் விதவையருக்கும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். அரசாங்கமே ஏற்றுக்கொண்ட ஆளை, அரசாங்கத்தைவிட கறாராக நின்று வெளியே நிறுத்த சங்கத்துக்கு என்ன வந்தது?

"பெண்கள் உட்கார்ந்திருந்தால் ஃப்ரீயாகப் பேச முடியாது."

மருத்துவம், நர்சிங் தவிர மற்றப் பிரிவுகளிலும் 1992 முதல் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று அல்வாலில் வீடு வாங்கி உறுப்பினராக வந்தால் உங்கள் விதிப்படியே மறுக்க முடியாது. அப்போது என்ன செய்வீர்கள்? காலையில் பத்திலிருந்து பதினொன்று வரை சுற்றறிக்கையும் வரவு செலவும். அதில் ஃப்ரீயாகப் பேச என்ன இருக்கிறது? மற்றதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது :-)

"வாட்ஸப் குழுவில் எல்லாம் போடுகிறோமே."

போடுகிறீர்கள். யாருடைய எண்ணுக்கு? மாமா இறந்த பத்தாவது நாள் அவர் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தப்பான எண்ணத்தில் இல்லை, இறந்தவருக்குக் காலை வணக்கம் போகக்கூடாது என்றுதான். அப்படியே இருந்திருந்தாலும், பதினேழு பக்க ஆங்கிலச் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு அத்தை என்ன செய்வார்? நம் ஊர்ப் பெண்கள் பலர் முப்பது வருடம் கன்டோன்மென்டுகளில் இருந்தும் ஹிந்தி பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்குப் படித்துச் சொல்லி வந்த ஆள்தான் போய்விட்டாரே.

"வீர நாரிகளைக் கூப்பிட்டுக் கௌரவிக்கிறோமே."

நல்ல காரியம். போரில் கணவரை இழந்தவருக்கு மேடையில் முதல் இடம் கொடுக்க வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்புவதும் மாதா மாதம் ஒரு நாற்காலி போடுவதும் ஒன்றல்ல. அந்தச் சகோதரிக்கும் சுற்றறிக்கை தேவை. தவிர, இருபது வருடம் பனியிலும் பாலைவனத்திலும் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சர்க்கரை நோயில் இறந்தவர் மனைவியை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னவர் நம் தமிழர்தான், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விருந்து, விசேஷம்னா சுமங்கலிங்க நாலு பேர் பூ வெச்சிக்கிட்டு வர்ற இடம் தம்பி. அவங்களுக்கே சங்கடமா இருக்கும்" என்றார்.

ஐயா, உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். 1971-ல் செத்துக்கிடந்த தோழனைத் தோளில் தூக்கி வந்ததாக நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அப்பேர்ப்பட்ட நீங்கள், அந்தத் தோழன் மனைவி எதிரே வந்தால் சகுனம் பார்ப்பீர்களா? யாருக்குச் சங்கடம் என்று அவர்களிடம் கேட்டீர்களா? பால்கனியிலிருந்து மினி பஸ்ஸைப் பார்ப்பது அவர்களுக்குச் சங்கடம் இல்லையா?

*

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் நல்லவன் மாதிரி நகர்ந்துகொள்ள முடியாது. அத்தைக்கு உண்டான குடும்ப பென்ஷனை நான்தான் விண்ணப்பித்து வாங்கிக் கொடுத்தேன். மாமாவுக்கு 67 வயது தாண்டிவிட்டதால் உயர்த்தப்பட்ட விகிதம் கிடையாது, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான் என்று அத்தைக்கு விளக்கினேன். ஆதார், பான், கூட்டுக் கணக்கு எல்லாம் பக்காவாகச் செய்தேன். வங்கிக்காரனாக என் கடமை முடிந்தது என்று ஃபைலை மூடிவிட்டேன். "உங்களுக்குக் கூட்டத்துக்குப் போகணும்னு இருக்கா அத்தை?" என்று இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவை கேட்டேனா? இல்லை. அவருக்கும் அங்கே இருபது வருட சிநேகிதிகள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன். "அவர் இருந்தப்ப அவரோட போனோம். இப்ப யாரோட போறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவரே, "கமலாம்மா எப்படி இருக்காங்களோ, கண்ணு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டிருந்தாங்க" என்றார். அந்த அம்மாளுக்கும் கணவர் இல்லை. ஒரே சங்கத்தில் இருபது வருடம் பழகிய இருவர், இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்ளவில்லை.

"கூப்பிட்டாலும் அவர்கள் வருவதில்லை" என்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பொதுவாக அறிவித்தால் வரமாட்டார்கள். பெயர் சொல்லி, வீட்டுக்குப் போய், பெண்கள் இருவராகப் போய்க் கூப்பிட்டால் வருவார்கள். முதல் தடவை கூச்சப்படுவார்கள். மூன்றாவது தடவை அவர்கள்தான் டீக்கு இஞ்சி போதவில்லை என்று சொல்வார்கள்.

*

சங்கத்துக்கு எழுத்து மூலமாக நாலு கோரிக்கை கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் பொருந்தும் என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

ஒன்று, உறுப்பினர் இறந்தால் அவர் இடம் மனைவிக்கு வர வேண்டும். விருந்தாளியாக இல்லை, ஓட்டுரிமையோடு. பெண் உறுப்பினராக இருந்து இறந்தால் கணவருக்கும் அப்படியே. பொதுக்குழுவில் விதியைத் திருத்தினால் முடிகிற வேலை. சந்தாவும் வரும், பொருளாளருக்கு லாபம்தான்.

இரண்டு, பதிவேட்டில் இன்னும் நாலு கட்டம் போடுங்கள்: மனைவியின் பெயர், பிறந்த தேதி, சொந்த போன் எண், பென்ஷன் ஆணை எண். சிவப்புக் கோடு போடும்போது அந்தக் கட்டங்களுக்கு மேல் போடாதீர்கள்.

மூன்று, மலர் வளையத்தோடு நிறுத்தாமல் ஒரு மாதம் கழித்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இறப்பைத் தெரிவித்தாகிவிட்டதா, குடும்ப பென்ஷன் ஆரம்பித்ததா, இ.சி.எச்.எஸ். அட்டை மாறியதா, கேன்டீன் அட்டை மாறியதா. அரை மணி நேர வேலை.

நான்கு, மாதக் கூட்டத்தில் கால் மணி நேரம், சுற்றறிக்கையில் உள்ளதைத் தமிழிலும் தெலுங்கிலும் வாயால் சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். வங்கியில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடச் செய்ய முடியாதா.

செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். மார்ச் பொதுக்குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எதிர்ப்பு இருக்கும் என்றும் சொன்னார். இருக்கட்டும். எதிர்க்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பதிவேட்டில் உங்கள் பெயர் மேலும் ஒரு நாள் சிவப்புக் கோடு விழும். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு உங்கள் வீட்டு அம்மா எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அதை யோசித்துவிட்டுக் கை தூக்குங்கள்.

பொதுக்குழு வரை நான் சும்மா இருக்கப்போவதில்லை. வருகிற இரண்டாவது ஞாயிறு அத்தையையும் கமலாம்மாளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். வீட்டிலிருந்தே இரண்டு மடக்கு நாற்காலி எடுத்துப் போவதாக உத்தேசம். விதியில் நாற்காலி கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை, பார்த்துவிட்டேன் :-)

பி.கு.: உங்கள் அம்மாவோ, மாமியாரோ, பாட்டியோ ராணுவக் குடும்ப பென்ஷன் வாங்குபவராக இருந்தால் இன்றைக்கே பென்ஷன் ஆணையை எடுத்துப் பாருங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்று சரிபாருங்கள். அப்பா உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது, அம்மாவின் பெயரும் தேதியும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அவர் இருக்கும்போதே பார்த்துத் திருத்திவிடுங்கள். வயது எண்பது தாண்டியிருந்தால் கூடுதல் தொகை என்ற வரியில் பூஜ்யம் இருக்கக்கூடாது. புனே, ஜபல்பூர், பெங்களூர், டெல்லி என்று எங்கே இருந்தாலும் இதே கதைதான். உங்கள் ஊர்ச் சங்கத்தில் என்ன வழக்கம் என்று எழுதுங்கள். நல்ல வழக்கமாக இருந்தால் மார்ச்சில் உதாரணம் காட்ட உதவும்.